அடுப்படியில் டவர் எடுக்குமா?

தென்காசியில் ஒரு கைப்பேசிக் கடை. பெரியம்மா மகள் அக்காவுக்குப் போன் வாங்கப் போயிருந்தோம். அக்கா, அவளுடைய மகன், நான். நான் போனது தற்செயல். விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில், "நீயும் வாட்டி, நீ படிச்சவ" என்று இழுத்துக்கொண்டு போனாள். கடைப் பையன் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு மகனிடம்தான் கேட்டான்: "யாருக்கு பாஸ், அம்மாவுக்கா? லேடீஸுக்குன்னா இது நல்லா போகுது." இளஞ்சிவப்பில் ஒன்று, வெளிர் ஊதாவில் ஒன்று கண்ணாடி மேசைமேல் வந்தன. மெல்லியது, எடையில்லாதது, செல்ஃபி எடுத்தால் முகம் பளிச்சென்று வரும் என்றான். அக்கா இரண்டையும் கையில் வாங்கி, சந்தையில் தேங்காயை ஆட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இது அடுப்படியில டவர் எடுக்குமா தம்பி?"

பையன் சிரித்துவிட்டான். மகனும் சிரித்தான். "டவரு போனைப் பொறுத்து இல்லம்மா, சிம்மைப் பொறுத்து."

அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. அதில் அவன் குற்றம் ஒன்றும் இல்லை, அவனிடம் யாரும் இதுவரை கேட்டிருக்கமாட்டார்கள். கேமராவுக்கு எண் இருக்கிறது, நினைவகத்துக்கு எண் இருக்கிறது, பேட்டரிக்கு எண் இருக்கிறது. எல்லாம் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும். பேசுவதற்கென்று வாங்கும் கருவி எந்த இடத்தில் நின்றால் பேசும் என்பதற்கு மட்டும் பெட்டியில் ஒரு வரி கிடையாது.

அக்கா ஏன் கேட்டாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவளுடைய மகள் வேறு மாவட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அங்கே எல்லோரும் வெளியே கிளம்பிய பிறகு, காலை பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் அவளுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். அப்போதுதான் அழைப்பாள். அந்த நேரத்தில் அக்கா அடுப்படியில் இருப்பாள். அடுப்படியில் டவர் எடுக்காது. வெளியே வந்து பார்த்தால், மகள் அழைத்ததாக ஒரு குறுஞ்செய்தி மட்டும் கிடக்கும். திருப்பி அழைக்க முடியாது. அந்தப் பக்கம் யார் எடுப்பார்கள் என்று தெரியாது. மறுநாள் பதினொரு மணிவரை காத்திருக்க வேண்டும்.

இதை அக்கா கடையில் சொல்லவில்லை. கடையில் சொல்லக்கூடியது டவர் என்ற ஒரு சொல்தான்.

பெண்களுக்கென்று போன் செய்தவர்கள் இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் என்ன நினைத்துச் செய்தார்கள் என்று பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. 2003இல் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் செலிப்ரி என்றொரு வரிசையைக் கொண்டுவந்தது. ஆடைகளைப் போல் பருவத்துக்குப் பருவம் புது வடிவம் என்பது திட்டம். அதில் ஒன்று அசல் பவுடர் டப்பா. திறந்தால் உள்ளே கண்ணாடி. அடுத்த ஆண்டே அந்த வரிசையை இழுத்து மூடினார்கள். 2004இல் நோக்கியா 7280 வந்தது. உதட்டுச்சாயக் குச்சிபோல் நீளமாக, கறுப்பும் சிவப்புமாக இருக்கும். திரை அணைந்தால் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். அதில் எண் பொத்தான்களே இல்லை. ஒரு சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி ஒவ்வோர் எண்ணாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்துக்கு யாரையும் கூப்பிட வேண்டிவராத ஒருத்திக்காக அதை வடிவமைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் 2010 வாக்கில் மைக்ரோமேக்ஸ் கல் பதித்த 'பிளிங்' போனை இறக்கியது. நடிகை ட்விங்கிள் கன்னா அதன் விளம்பர முகம். அதிலும் கண்ணாடி உண்டு.

மூன்று நிறுவனங்கள், மூன்று நாடுகள், பொதுவாக இருந்தது கண்ணாடி. பெண் கையில் கொடுக்கும் எதிலும் அவள் முகத்தை அவளே பார்த்துக்கொள்ள ஓரிடம் வேண்டும் என்று பொறியாளர்கள் எப்படியோ ஒத்த கருத்துக்கு வந்திருக்கிறார்கள். இப்போது கண்ணாடியின் வேலையை முன்பக்கக் கேமரா பார்க்கிறது. கடைப் பையன் நீட்டிய இளஞ்சிவப்புப் போன் அந்தப் பவுடர் டப்பாவின் பேத்தி.

நான் அழகுக்கு எதிரியில்லை. என் மாணவிகளின் போன் உறைகளைப் பார்த்திருக்கிறேன். பாசிமணி கோத்தது, காய்ந்த பூவை உள்ளே வைத்து ஒட்டியது, அம்பேத்கர் படம் போட்டது, பிடித்த நடிகரின் பெயரை நகப்பூச்சால் எழுதியது. பெரும்பாலும் அண்ணன் பயன்படுத்திக் கழித்த போன்கள் அவை. கீறல் விழுந்த திரையோடு கைமாறிய ஒன்றைத் தன்னுடையதாக்கிக்கொள்ள அவளிடம் இருப்பது அந்த உறைதான். கடையில் விற்கும் இளஞ்சிவப்புக்கும் இந்தப் பாசிமணிக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. பெண்களின் அலங்கார ஆசையைக் கிண்டல் செய்து எழுதும் ஆண் விமர்சகர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

வீட்டில் போன் கைமாறும் வரிசையைக் கவனித்திருப்பீர்கள். புதியது மகனுக்கு. மகனுடையது அப்பாவுக்கு, அல்லது நேரே அம்மாவுக்கு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியது யாருக்கோ, அவருக்கே கடைசிப் போனும். அதற்குள் பேட்டரி நொந்திருக்கும், ஒலிவாங்கியில் மாவு போல் தூசி அடைந்திருக்கும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இதற்கென்றே ஒரு கேள்வி உண்டு. வீட்டில் போன் இருக்கிறதா என்று கேட்காமல், தாமே பயன்படுத்தும் போன் இருக்கிறதா என்று பெண்களிடம் கேட்டார்கள். 2019-21 கணக்கெடுப்பில் இந்திய அளவில் ஆம் என்றவர்கள் 54 விழுக்காடு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ முக்கால்வாசி. கேள்வியை அப்படி அமைத்தவர் யாராக இருந்தாலும் வீடுகளை அறிந்தவர்.

அக்காவிடம் இருந்த பழைய போன் நோக்கியா 1100. அதுவும் 2003இல் வந்ததுதான், பவுடர் டப்பா வந்த அதே ஆண்டு. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. தூசி புகாத பொத்தான் பலகை, ஈரக்கையில் நழுவாத பக்கவாட்டு, தலையில் ஒரு டார்ச். இதைப் பெண்களுக்கென்று யாரும் விளம்பரப்படுத்தவில்லை. ஆனால் கழிப்பறை இல்லாத வீட்டுப் பெண்கள் விடியுமுன் ஓடைப்பக்கம் போகும்போது முன்னால் ஆடிப்போன வெளிச்சம் அதனுடையது. மாட்டுத்தொழுவத்தில், மின்வெட்டு இரவில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுந்து மாத்திரை தேடும்போது அது எரிந்தது. பெண்ணை மனதில் வைத்துச் செய்த போன்கள் காட்சிப் பெட்டியோடு போயின. யாரையும் மனதில் வைக்காமல் தூசியையும் இருட்டையும் மனதில் வைத்துச் செய்த போன் பெண்களுக்குப் பொருந்தியது. அக்காவின் 1100 பேட்டரி உப்பி மூடி பிதுங்கியபிறகும் ரப்பர் வளையம் போட்டு ஓடியது. கடைசியில் ஒருநாள் சிம்மை அறிவதை நிறுத்திக்கொண்டது.

சரி, டவருக்கு வருகிறேன். பையன் சொன்னதில் மீதிப் பாதி என்ன?

திரையின் மேல்மூலையில் தெரியும் கோடுகளை நம்பக்கூடாது. எத்தனை கோட்டுக்கு எவ்வளவு வலு என்பதற்குப் பொது அளவு இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்குக் கோடு போடுகிறது. 2010இல் ஐபோன் 4 வந்தபோது இது அம்பலமானது. அழகுக்காகப் போனைச் சுற்றி ஓர் உலோகப் பட்டை ஓடவிட்டார்கள், அதுவே ஆன்டெனா. பட்டையில் இருந்த சிறு இடைவெளியை உள்ளங்கை மூடினால் சிக்னல் விழுந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் செய்தியாளர்களைக் கூட்டி, எல்லாப் போனிலும் இப்படித்தான் என்று வாதாடிவிட்டு, வாங்கியவர்களுக்கு இலவசமாக உறை கொடுத்தார். கோடுகளைக் கணக்கிடும் முறையே தவறு, வலுவைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தோம் என்றும் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஸ்டைலும் டவரும் நேருக்கு நேர் மோதியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. கையால் பிடிக்க வேண்டிய பொருளை, கை பட்டால் கெட்டுப்போகும்படி செய்திருந்தார்கள்.

கோட்டைவிட நம்பகமானது எண். போனின் அமைப்புகளுக்குள் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னலின் வலு டிபிஎம் என்ற அளவில் இருக்கும். கழித்தல் குறியோடு வரும். எண் சிறியதாக இருந்தால் வலு அதிகம். மைனஸ் 85 நல்லது, மைனஸ் 110ஐத் தாண்டினால் பேச்சு உடையும். மூன்று எண் இறங்கினால் வலு பாதியாகிவிட்டது என்று பொருள், பத்து இறங்கினால் பத்தில் ஒன்று. அன்று மாலை அக்கா வீட்டில் என் போனை வைத்துக்கொண்டு நடந்தேன். வாசல் திண்ணையில், அத்தான் நாற்காலி போட்டு உட்காரும் இடத்தில், மைனஸ் 88. டிவி இருக்கும் அறையில் 97. சாமி அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் உள்ள நடையில் 108. அடுப்படிக்குள் 116, பிறகு ஒன்றுமில்லை. இருபத்தைந்து அடி தூரத்துக்குள் வலு பல நூறில் ஒரு பங்காகச் சுருங்கியது.

காரணம் மந்திரமில்லை. கோபுரம் சாலைப்பக்கம் இருக்கிறது. அடுப்படி வீட்டின் கடைக்கோடி. நடுவில் மூன்று சுவர், மேலே கான்கிரீட் தளம், பரண் நிறைய எவர்சில்வர் பாத்திரம், குளிர்பதனப் பெட்டி. ஜன்னல் ஒரு முழம். சுவரை ஊடுருவும் திறன் அலைவரிசையைப் பொறுத்தது. 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் உள்ளே வரும், 2300 மெகாஹெர்ட்ஸ் சுவரில் முட்டிச் சோர்ந்துவிடும். ஒரு போன் எந்தெந்த அலைவரிசைகளை வாங்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஆகவே டவர் போனையும் பொறுத்தது, சிம்மையும் பொறுத்தது, அவை இரண்டையும்விட அடுப்படியை எங்கே கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. வீடு கட்டிய கொத்தனாரும் வாஸ்து பார்த்தவரும் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் ஆண்கள் உட்காரும் இடத்தில் காற்று, வெளிச்சம், வழிப்போக்கர் பேச்சு எல்லாம் வந்ததுபோல டவரும் வந்து சேர்ந்தது. அகலக்கற்றை இணைப்பு இருந்தால் வைஃபை வழியே குரலழைப்பு பேசலாம், 2019 இறுதியிலிருந்து நம் நாட்டில் அந்த வசதி இருக்கிறது. அந்த வைஃபை பெட்டியையும் டிவிக்குப் பக்கத்தில்தான் மாட்டுகிறார்கள்.

செல்போனுக்குத் தமிழில் செல்லிடப்பேசி என்று ஒரு சொல் உண்டு. செல்லும் இடமெல்லாம் பேசுவது. சொல்லாக்கம் சரிதான், செல்லும் இடம் யாருக்கு எவ்வளவு என்பது அகராதிக்கு வெளியே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தொலைபேசி வழியே போகும் குரல் முழுக் குரல் இல்லை. பழைய முறையில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகள் மட்டுமே கடத்தப்பட்டன. அதற்கு மேலே உள்ளதை வெட்டிவிடுவார்கள். ச, ஸ போன்ற உரசொலிகளின் வலு பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலே இருக்கிறது, பெண் குரலில் இன்னும் மேலே. கிசுகிசுத்துப் பேசும்போது குரல்நாண் அதிர்வதில்லை. மூச்சின் உரசல் மட்டும் மிஞ்சும். அதுவும் மேல் அதிர்வுகளைத்தான் நம்பியிருக்கிறது. அக்காவின் மகள் பேசுவது கிசுகிசுப்பில். "அவ என்ன சொல்லுதான்னு பாதி விளங்க மாட்டேங்கு, அழுதாளான்னு கூடத் தெரியல" என்று அக்கா சொன்னபோது, காது மந்தமாகிவிட்டதோ என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். காதில் பழுதில்லை. 4ஜியில் வோல்டி முறையில் பேசினால் 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்த முடியும், இரண்டு முனையிலும் அந்த வசதி இருக்க வேண்டும். மகளிடம் இருந்தது. அக்காவின் 1100இல் அது கிடையாது. ஒரு பெண் ஒளிந்து பேசுவது தெளிவாகக் கேட்கும் என்று எந்த நிறுவனமும் விளம்பரம் செய்யப்போவதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து இந்தப் பதினைந்து ஆண்டுகளில் போனில் சேர்ந்த வசதிகளில் பெண்களுக்கு உண்மையாகவே உதவக்கூடியது இதுதான்.

பெண்களுக்கான வசதி என்று அறிவித்துக்கொண்டு வருபவை வேறு. 2016இல் மத்திய அரசு ஒரு விதி போட்டது. 2017 ஜனவரி முதல் விற்கும் எல்லாக் கைப்பேசியிலும் ஆபத்துப் பொத்தான் இருக்க வேண்டும். பட்டன் போனில் 5 அல்லது 9ஐ நீண்டநேரம் அழுத்தலாம், தொடுதிரையில் அணைக்கும் பொத்தானை மூன்றுமுறை அழுத்தலாம். இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ்சும் 2018 முதல் கட்டாயம் என்றார்கள். தெருவில் வரும் ஆபத்துக்கு அது தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இடத்தைக் காட்டும் கருவி யாருக்குக் காட்டுகிறது? என்னிடம் படிக்கும் பெண்கள் பலரின் போனில் இருப்பிடம் அண்ணனுக்கோ அப்பாவுக்கோ நாள் முழுதும் பகிரப்படுகிறது. பாதுகாப்புக்கு என்கிறார்கள். பேருந்து பத்து நிமிடம் தாமதமானால் அழைப்பு வருகிறது.

சங்க அகப்பாடல்களை வகுப்பில் நடத்தும்போது இற்செறிப்பு என்ற துறைக்கு மாணவிகளுக்கு விளக்கமே தேவைப்படுவதில்லை. அம்பல் அலராகும், ஊர் பேசும், தாய் மகளை வீட்டுக்குள் வைத்துவிடுவாள், தோழி போய்த் தலைவனிடம் சொல்வாள். "போனைப் பிடுங்கிட்டாங்க, அதானே மேம்?" என்றாள் ஒருத்தி ஒருமுறை. வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. 2016 பிப்ரவரியில் குஜராத்தின் மேசானா மாவட்டத்தில் சூரஜ் என்ற கிராமம் திருமணமாகாத பெண்கள் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது என்று தடை போட்டது. மீறினால் 2100 ரூபாய் தண்டம், காட்டிக்கொடுப்பவருக்கு 200 ரூபாய் பரிசு. நம் ஊரில் இப்படித் தீர்மானம் போட்டு எழுதிவைப்பதில்லை. வீட்டுக்குள் நடந்துவிடுகிறது, அதனால் செய்தியாவதில்லை.

இந்தக் கருவியைச் செய்யும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2006இலிருந்து 2014 நவம்பர்வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடியது. சுற்று மாவட்டங்களின் இளம்பெண்கள் அங்கே போன்களைப் பூட்டினார்கள். ஆலை மூடப்பட்டபோது ஊர் திரும்பினார்கள். அதே ஊரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சானதால் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். திருமணமான பெண்களை அந்த ஆலையின் ஐபோன் வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024இல் ராய்ட்டர்ஸ் எழுதியது, நிறுவனம் பாகுபாடு இல்லை என்று மறுத்தது. செய்தபோதும் வாங்கும்போதும் அவள் தாலி கட்டியவளா என்ற கேள்வி போனைச் சுற்றியே வருகிறது.

அக்காவுக்கு வருகிறேன். கடையில் அன்று எதுவும் வாங்கவில்லை. மகனுக்குக் கோபம். அந்த வெளிர் ஊதாப் போனில் அவனுக்கு ஒரு கண் இருந்தது, கேமராவுக்காக. அம்மாவின் போனில் தன் மின்னஞ்சலைப் போட்டு, தன் விரல்ரேகையையும் பதிந்து, "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது சித்தி, நானே எல்லாம் செட் பண்ணிக் குடுத்துருவேன்" என்று வழியில் சொல்லிக்கொண்டு வந்தவன். நல்ல பையன்தான். அதில் தவறு இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவரிடம் அவர்கள் போனை ஐந்து நிமிடம் கடன் வாங்கினோம். மூன்றும் வெவ்வேறு நிறுவனச் சிம். ஒவ்வொன்றாக அடுப்படிக்குள் கொண்டுபோய் எண்ணைப் பார்த்தோம். ஒன்றில் மட்டும், பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு மேலே உள்ள ஜன்னல் ஓரத்தில், மைனஸ் 101 காட்டியது. போதும். அந்த நிறுவனத்துக்கு மாறிக்கொள்ள 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பினோம். 2011இலிருந்து எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எண் மாறக்கூடாது என்பதில் அக்கா உறுதியாக இருந்தாள். மகள் எந்தப் பெயரிலும் அதைச் சேமித்து வைக்கவில்லை, மனப்பாடமாக வைத்திருக்கிறாள்.

போன், 4ஜி பட்டன் போன். வோல்டி உண்டு, டார்ச் உண்டு. அந்த நிறுவனத்தின் அலைவரிசைகளை அது வாங்குமா என்று பெட்டியின் பக்கவாட்டில் இருந்த பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். தமிழில் முனைவர் பட்டம் பெற்றதற்குச் சுவடி படித்த பயிற்சி அன்றைக்குத்தான் வீட்டுக்குப் பயன்பட்டது. நீலம், கறுப்பு, சிவப்பு இருந்தன. அக்கா சிவப்பை எடுத்தாள். "கறுப்பு எடும்மா, அழுக்குத் தெரியாது" என்றான் மகன். "தெரிஞ்சா தொடைச்சுக்கிடுதேன்" என்றாள்.

எண் மாறி வந்த அன்று நான் இன்னும் ஊரில்தான் இருந்தேன். போனை ஜன்னல் திண்டில் ஒரு டம்ளருக்குள் நிறுத்தி வைத்திருந்தாள். பதினொன்று இருபதுக்கு அது அதிர்ந்து டம்ளர் கிணுகிணுத்தபோது அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி எடுத்தாள். நான் எழுந்து, நடைக் கதவைச் சாத்திவிட்டு, வாசல் திண்ணைக்குப் போய் உட்கார்ந்தேன்.